பயாஸில் கைவைத்து ஐந்து நாள் பட்ட பாடு

2025 நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் பதினான்கு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுக்கிற சின்ன அலுவலகம் என்னுடையது. ரப்பர் ஷீட் வாங்கி விற்பவர், தேன் பாட்டிலில் அடைப்பவர், ஹார்டுவேர்ஸ் கடைக்காரர் என்று எல்லாரும் சிறு வியாபாரிகள்தான். இவர்களில் ஆறு பேர் மாதாமாதம் தாக்கல் செய்கிறவர்கள். அக்டோபர் மாத ஜிஎஸ்டி கணக்கைக் காட்டும் 3பி படிவத்துக்கு 20ஆம் தேதி கடைசி நாள். லேப்டாப்பில் இருந்த 256 ஜிபி எஸ்எஸ்டி வட்டில் 11 ஜிபிதான் மிச்சம் என்பதால் 1 டிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கி வைத்திருந்தேன். பழையதில் இருப்பதை அப்படியே புதியதற்கு நகலெடுத்து மாட்டிவிட்டால் தீர்ந்தது, இரண்டு மணி நேர வேலை, நாலு நாள் கையில் இருக்கிறதே என்று தொடங்கினேன். முடிந்தது 22ஆம் தேதி. இடையில் ராத்திரித் தூக்கம் போனது, கைக்காசு போனது, ஐந்து வருஷமாக என்னிடம் இருந்த ஒரு வாடிக்கையாளரும் போனார். இப்படி நடக்கும் என்று யாராவது முன்பே சொல்லியிருக்க மாட்டார்களா என்று அந்த வாரம் முழுக்க நினைத்துக்கொண்டே இருந்தேன். அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். எந்த இடத்தில் என்ன செய்திருக்க வேண்டும் என்பதையும் அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

நகலெடுக்கும் மென்பொருளை ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து லேப்டாப்பைத் தொடங்கப் பார்த்தேன். நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அதைத் தடுத்தது. உடனே எஃப்2 அழுத்தி, விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை அமைப்பான பயாஸுக்குள் போய் செக்யூர் பூட்டை அணைத்தேன். இது முதல் மாற்றம். இப்போது மென்பொருள் வந்தது, ஆனால் உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி அதற்குத் தெரியவில்லை. நான் வைத்திருந்தது பழைய பதிப்பு. இன்டெலின் 11ஆம் தலைமுறைச் செயலி முதல் வந்த பல லேப்டாப்களில் விஎம்டி என்றொரு அமைப்பு இயங்கிக்கொண்டிருக்கும். எஸ்எஸ்டி அந்த அமைப்புக்குப் பின்னால்தான் இருக்கும். அதை இயக்கத் தேவையான டிரைவர் என்ற சிறு நிரல் இல்லாத மென்பொருளுக்கு வட்டே இல்லாதது போலத் தோன்றும். ஒரு வீடியோவைப் பார்த்து விஎம்டியையும் அணைத்தேன். இது இரண்டாவது மாற்றம். இப்போது வட்டு தெரிந்தது, ஆனால் சி பகுதிக்கும் டி பகுதிக்கும் பக்கத்தில் ‘பிட்லாக்கர்’ என்று ஒரு சொல் நின்றது. அது என்ன என்று நான் யோசிக்கவில்லை. அந்தச் சொல்லைப் பார்த்த நொடியில் கையை எடுத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. மென்பொருள் ஏழு மணி நேரம் ஆகும் என்று காட்டியதால் அதை நிறுத்திவிட்டு, மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விண்டோஸுக்குத் திரும்பினேன். விண்டோஸ் வரவில்லை. நீலத் திரையில் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது.

அந்த நேரத்தில் என்ன நடந்திருந்தது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. விண்டோஸ் 11 ஹோம் பதிப்பிலும் ‘டிவைஸ் என்க்ரிப்ஷன்’ என்ற பெயரில் பிட்லாக்கர் இருக்கிறது. புது லேப்டாப்பை முதன்முதலில் திறக்கும்போது மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் போதும், நம்மிடம் பெரிதாக எதுவும் கேட்காமலே அது முழு வட்டையும் சாவியில்லாமல் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்துவிடும். டி பகுதியும் அதில் சேர்த்தி. ‘முக்கியமானதை டியில் போட்டால் பத்திரம்’ என்று நாம் சொல்லிக்கொள்கிற பழைய நம்பிக்கை இங்கே செல்லாது. வட்டைத் திறக்கும் சாவி கணினிக்குள்ளேயே இருக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லில் பூட்டியிருக்கும். லேப்டாப் தொடங்கும்போது செக்யூர் பூட் முதலியவை முன்பு இருந்தபடியே இருக்கின்றனவா என்று சில் சரிபார்க்கும். அப்படியே இருந்தால் சாவியைத் தானே கொடுத்துவிடும், நமக்கு ஒன்றும் தெரியாது. மாறியிருந்தால் கொடுக்காது, நம்மிடம் 48 இலக்கத்தைக் கேட்கும். ஆக அந்தத் திரை வட்டு கெட்டதைக் காட்டுவதல்ல. ‘நீ எதையோ மாற்றியிருக்கிறாய்’ என்று சொல்வது. மாற்றியதை அப்படியே திருப்பி வைத்தால் பெரும்பாலும் சாவி கேட்காமல் திறந்துவிடும். இந்த ஒரு வரி அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தால் ராத்திரி ஒன்பது மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

நான் பாதியைத் திருப்பினேன். பயாஸுக்குள் போய் செக்யூர் பூட்டை மறுபடி இயக்கினேன். சாவி கேட்கும் திரை போய்விட்டது. ஆனால் விண்டோஸ் சின்னம் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு, வேறொரு நீலத் திரையோடு நின்றது. தொடக்க வட்டை அணுக முடியவில்லை என்று பொருள்படும் பிழை. இரண்டு முறை அப்படி விழுந்த பிறகு பழுதுநீக்கும் திரை வந்தது. அதிலிருந்து, கட்டளைகளைத் தட்டும் கமாண்ட் பிராம்ப்டைத் திறக்கப் போனால் மறுபடி 48 இலக்கம். எனக்கு இரண்டும் ஒரே நோயாகத் தெரிந்தன. உண்மையில் முதல் பிழை செக்யூர் பூட்டால் வந்தது, அது சரியாகிவிட்டது. இரண்டாவது பிழை விஎம்டியால் வந்தது. விஎம்டி இயங்கும் நிலையில் நிறுவிய விண்டோஸ், அது அணைந்திருக்கும்போது வட்டைப் படிக்க வேண்டிய வேறு டிரைவரைத் தொடக்கத்திலேயே எடுத்துக்கொள்ளாது. அதனால்தான் விழுந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன் விஎம்டியை அணைத்ததே என் நினைவில் இல்லை. ஒரே உட்காரலில் இரண்டை மாற்றி, இடையில் ஒருமுறைகூட விண்டோஸைத் தொடங்கிப் பார்க்காததன் விளைவு இது. செக்யூர் பூட்டை அணைத்ததும் ஒருமுறை விண்டோஸுக்குப் போய்ப் பார்த்திருந்தால் அப்போதே சாவி கேட்டிருக்கும். எதனால் என்று கேள்விக்கே இடமில்லாமல் தெரிந்திருக்கும்.

மணி பத்தரை. வெளியே துலா மழை, இடி, கரண்ட் இரண்டு முறை போய் வந்தது. பயத்தில் கை நிற்கவில்லை. இன்னொரு வீடியோவில் ‘டிபிஎம்மை அழித்துவிட்டால் சாவி கேட்காது’ என்று ஒருவர் அடித்துச் சொன்னார். பயாஸில் செக்யூரிட்டி பக்கத்தில் ‘கிளியர் டிபிஎம்’ இருந்தது. எச்சரிக்கை ஒன்று வந்தது, படிக்காமல் ‘யெஸ்’ கொடுத்தேன். மூன்றாவது மாற்றம் இது. முந்தைய இரண்டையும் திருப்பிவிட முடியும், இதைத் திருப்ப முடியாது. சில்லில் இருந்த சாவி போய்விட்டது. இனி அந்த 48 இலக்கம் ஒன்றுதான் வழி. இதைப் படிக்கிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்: குறியாக்கம் செய்த வட்டு உள்ள கணினியில், மீட்புச் சாவி காகிதத்தில் கையில் இல்லாமல், டிபிஎம்மை அழிக்கவே கூடாது. ஏஎம்டி செயலி உள்ள கணினிகளில் பயாஸைப் புதுப்பித்த பிறகு ‘எஃப்டிபிஎம்மை (செயலிக்குள்ளேயே இருக்கும் டிபிஎம்) மறுஅமைக்கவா’ என்று கேட்டு ஒய் அல்லது என் அழுத்தச் சொல்லும் கறுப்புத் திரை வருவதுண்டு. அதுவும் இதே விஷயம்தான். ஒய் அழுத்தினால் சாவி போச்சு.

திங்கள் காலையில் நாகர்கோவிலில் ஒரு சர்வீஸ் ஆளிடம் கொண்டுபோனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, ‘அக்கா, எதையெல்லாம் மாத்துனீங்க? வரிசையா சொல்லுங்க’ என்பதுதான். என்னால் சொல்ல முடியவில்லை. செக்யூர் பூட், டிபிஎம் என்று இரண்டைச் சொன்னேன். மூன்றாவது ஒன்று இருந்தது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. அவர் பொறுமையான மனிதர். தன்னிடம் இருந்த அதே வகை லேப்டாப்பைப் பக்கத்தில் வைத்து, பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் ஒப்பிட்டு, ஒன்றரை மணி நேரத்தில் விஎம்டியைக் கண்டுபிடித்துத் திருப்பி வைத்தார். 800 ரூபாய் வாங்கிக்கொண்டு, ‘சாவி கிடைச்சா எல்லாம் அப்படியே இருக்கும். கிடைக்கலைன்னா ஃபார்மட்தான். உடைச்சுத் தரேன்னு யாராவது சொன்னா பணம் கொடுத்துராதீங்க’ என்றார். அந்த ஒன்றரை மணி நேரத்தையும் 800 ரூபாயையும், பயாஸைத் தொடுவதற்கு முன் செல்போனில் எடுக்கும் பத்துப் படங்கள் மிச்சம் பிடித்திருக்கும்.

சாவி எங்கே என்று தேடியதுதான் பெரிய பாடு. மீட்புச் சாவி, கணினியை முதலில் திறக்கப் பயன்படுத்திய மைக்ரோசாஃப்ட் கணக்கில் தானாகச் சேமிக்கப்பட்டிருக்கும். என் கணக்கில் பார்த்தால் ஒரு சாவி இருந்தது, மனசு குளிர்ந்தது. ஆனால் சாவி கேட்கும் திரையில் ‘கீ ஐடி’ என்று ஒரு நீண்ட குறியீடு தெரியும். அதன் முதல் எட்டு எழுத்தும் கணக்கில் உள்ள குறியீட்டின் முதல் எட்டு எழுத்தும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை. அது என் பழைய லேப்டாப்பின் சாவி. இந்த லேப்டாப்பை 2023இல் வாங்கியபோது கடையில் வேலை பார்த்த பையன்தான் எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்தான். ஏதோ ஒரு மின்னஞ்சலில் நுழைந்து, வேலையை முடித்து, அப்புறம் என் பெயரில் தனிப் பயனர் ஒன்றைப் போட்டுக் கொடுத்திருக்கிறான். சாவி அந்த மின்னஞ்சல் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கிறது. நம் ஊரில் பாதி லேப்டாப்கள் இப்படித்தான் வீட்டுக்கு வருகின்றன என்பது என் எண்ணம். உங்களுடையதும் கடைக்காரர் தயார்செய்து கொடுத்ததானால் இன்றைக்கே திறந்து பாருங்கள். செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் டிவைஸ் என்க்ரிப்ஷன். அது ‘ஆன்’ என்று இருந்தால் சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும்வரை வேறு எதையும் தொடவேண்டாம். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து, முன்பு தகுதி பெறாத பல கணினிகளிலும் புதிதாக நிறுவும்போது இது தானாகவே இயங்கிவிடுகிறது. பழைய அனுபவத்தை நம்பி ‘என்னுடையதில் இருக்காது’ என்று இருந்துவிட முடியாது.

அந்தப் பையன் மஸ்கட்டில் வேலைக்குப் போய் ஒரு வருஷமாகியிருந்தது. செவ்வாய்க்கிழமை கடையில் எண் வாங்கி வாட்ஸ்அப்பில் செய்தி போட்டேன், ராத்திரி பதில் வந்தது. மின்னஞ்சல் முகவரி அவனுக்கு நினைவில் இருந்தது, கடவுச்சொல் நினைவில்லை. மாற்றலாம் என்றால் சரிபார்ப்புக் குறியீடு அவனுடைய ஊர் எண்ணுக்குத்தான் போகும். அந்த சிம் கருங்கலில் அவன் அம்மாவின் பட்டன் போனில் கிடந்தது. புதன்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு கருங்கலுக்குப் போனேன். ரீசார்ஜ் முடிந்து பல மாதமாகியிருந்ததால் அதற்குக் குறுஞ்செய்தியே வரவில்லை. ரீசார்ஜ் செய்தோம். குறியீடு வந்தபோது அந்த அம்மா போனை என்னிடம் தரவில்லை. ‘ஓடிபியை யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு பேங்க்ல சொல்லியிருக்காவ மக்களே. அவன் கூப்பிடட்டும், அவன்கிட்ட மட்டும் சொல்லுகேன்’ என்றார். என் அவசரத்தில் முதலில் வருத்தமாக இருந்தாலும், அவர் செய்தது முழுக்கச் சரி. பையனுக்கு வேலை நேரத்தில் போன் எடுக்க முடியாது, குறியீடு கொஞ்ச நேரத்தில் காலாவதியாகிவிடும். கடைசியில் அவனுக்கு விடுமுறை நாளான வெள்ளிக்கிழமைதான் இருவரும் ஒரே நேரத்தில் பேசி, அவன் கணக்கைத் திறந்தான். ராத்திரி 8.40க்கு 48 இலக்கமும் என் கைக்கு வந்தன. கீ ஐடி ஒத்துப்போனது. நான் அழுதுவிட்டேன்.

சாவியைத் தட்டும்போது தெரிந்துகொள்ள ஒரு விஷயம். அது ஆறு இலக்கங்கள் கொண்ட எட்டுக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்து எண்ணும் 11ஆல் மீதமின்றி வகுபடும். போனில் ஒருவர் வாசிக்க இன்னொருவர் எழுதும்போது எங்கே பிசகியது என்று கால்குலேட்டரில் கட்டம் கட்டமாக வகுத்துப் பார்த்துவிடலாம். எங்களுக்கு ஐந்தாவது கட்டத்தில் 6க்கும் 0க்கும் இடையில் வந்த பிசகை இப்படித்தான் பிடித்தோம். உள்ளே நுழைந்த பிறகும் வேலை முடியாது. டிபிஎம்மை அழித்திருந்தால் பழைய பின் எண் வேலை செய்யாது, கடவுச்சொல்தான் வேண்டும். ஒவ்வொரு தொடக்கத்திலும் சாவி மறுபடி கேட்கும். குறியாக்கப் பாதுகாப்பை ஒருமுறை இடைநிறுத்தி, மறுபடி இயக்கினால் புதிய சாவி சில்லில் பதிந்து அந்தத் தொல்லை தீரும். வாட்ஸ்அப்பில் வந்த சாவி இனி ரகசியமல்ல. அதனால் பழைய மீட்புச் சாவியை நீக்கிவிட்டுப் புதியதை உருவாக்கிக்கொண்டேன்.

இடைப்பட்ட நாட்களில் ஒரு டெஸ்க்டாப்பை நாளுக்கு 300 ரூபாய் வீதம் ஐந்து நாள் வாடகைக்கு எடுத்தேன். விற்பனை விவரம் 11ஆம் தேதியே தாக்கலாகியிருந்ததாலும், கொள்முதலில் கட்டிய வரியைக் கழிப்பதற்கான 2பி படிவம் ஜிஎஸ்டி தளத்திலேயே இருந்ததாலும் நாலு பேருக்கு 20ஆம் தேதிக்குள் முடித்துவிட முடிந்தது. அதற்கே டேலி கணக்கு மென்பொருளில் அக்டோபர் மாதத்தை மறுபடி ஏற்ற ஓர் உதவியாளருக்கு இரண்டு நாள் கூலி 1,400. என்னிடம் இருந்த கடைசி பேக்கப் செப்டம்பர் 14ஆம் தேதியது. லாரி வாடகைக்கு எதிர்முறை வரி (சேவையைப் பெறுபவரே கட்டும் வரி) கட்டவேண்டிய இரண்டு பேரின் பில்கள் ஸ்கேன் செய்யப்பட்டு லேப்டாப்பில் மட்டுமே இருந்தன. அவர்களுக்கு 22ஆம் தேதிதான் முடிந்தது. நாளுக்கு 50 ரூபாய் வீதம் தாமதக் கட்டணம் ஆளுக்கு 100, ஆண்டுக்கு 18 சதவீதக் கணக்கில் வட்டி இருவருக்கும் சேர்த்து 85 ரூபாய். நானே கட்டினேன். பெட்ரோல், ரீசார்ஜ் எல்லாம் சேர்த்து 4,600 ரூபாய் கைவிட்டுப் போனது. தொகை பெரிதில்லை. ஆனால் அந்த இருவரில் ஒருவர் வருஷத்துக்கு 18,000 ரூபாய் தந்துகொண்டிருந்தவர், டிசம்பரில் கணக்கை வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. தேதி தவறியது என் கையால்தான்.

இனி, மாற்றம் செய்யும் முன் நான் இப்போது கடைப்பிடிக்கிற முறையைச் சொல்கிறேன். முதல் கேள்வி, இந்த மாற்றம் தேவையா என்பது. எனக்கு வேண்டியிருந்தது வட்டின் நகல். விண்டோஸுக்குள்ளேயே இயங்கி நகலெடுக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன, பயாஸையே தொட வேண்டியதில்லை. இதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். அடுத்தது மீட்புச் சாவி. நிர்வாகி உரிமையோடு கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ‘மேனேஜ்-பிடிஇ’ (manage-bde) கட்டளையை ‘-ஸ்டேட்டஸ்’ என்பதோடு கொடுத்தால் எந்தெந்தப் பகுதி குறியாக்கத்தில் இருக்கிறது என்று சொல்லும். அதே கட்டளையோடு ‘-புரொடெக்டர்ஸ் -கெட்’ என்று சேர்த்து, பகுதியின் எழுத்தைக் கொடுத்தால் 48 இலக்கத்தையும் காட்டும். சி பகுதிக்கு ஒரு சாவி, டி பகுதிக்கு வேறொரு சாவி, இரண்டும் வேண்டும். கீ ஐடியோடு சேர்த்து அச்சிட்டு ஒன்றை அலுவலக அலமாரியிலும் ஒன்றை வீட்டிலும் வையுங்கள். அதே லேப்டாப்பின் டெஸ்க்டாப்பில் சேமித்து வைப்பது பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டுவதற்குச் சமம்.

பயாஸைத் தொட்டே ஆகவேண்டும் என்றால், அல்லது பயாஸைப் புதுப்பிக்க வேண்டும் என்றால், முதலில் குறியாக்கப் பாதுகாப்பை இடைநிறுத்த வேண்டும். ‘மேனேஜ்-பிடிஇ -புரொடெக்டர்ஸ் -டிஸேபிள்’ என்பதோடு சி பகுதியைக் கொடுத்தால் நிற்கும். ஆனால் சாதாரணமாக அது அடுத்த ஒரு தொடக்கத்துக்கு மட்டும்தான். நீங்கள் பயாஸுக்கும் விண்டோஸுக்கும் இரண்டு மூன்று முறை போய் வந்தால் இரண்டாவது முறையே பாதுகாப்பு தானாகத் திரும்பியிருக்கும். ‘-ரீபூட்கவுண்ட் 0’ என்று சேர்த்தால் நாமாக இயக்கும்வரை நிற்கும். வேலை முடிந்ததும் ‘-எனேபிள்’ கொடுக்க மறக்கக் கூடாது, மறந்தால் திருட்டுப்போன லேப்டாப்பை யாரும் திறக்கலாம். விஎம்டி போன்றதை மாற்றத்தான் வேண்டுமென்றால் அதற்கும் ஒழுங்கான வழி உண்டு. விண்டோஸிலிருந்தே எம்எஸ்கான்ஃபிக் (msconfig) திறந்து, பூட் பக்கத்தில் சேஃப் பூட்டைக் குறியிட்டு, மறுதொடக்கத்தின்போது நேராக பயாஸுக்குள் போய் மாற்ற வேண்டும். பிறகு சேஃப் மோடில் ஒருமுறை விண்டோஸ் எழும்பும்போது தேவையான டிரைவரை அது பிடித்துக்கொள்ளும். அப்புறம் சேஃப் பூட்டை எடுத்துவிட்டு வழக்கம்போலத் தொடங்கலாம். சேஃப் மோடில் பின் எண் பல நேரம் கைகொடுக்காது, கணக்கின் கடவுச்சொல் நினைவில் இருக்க வேண்டும்.

எந்தப் பக்கத்தைத் தொடுவதற்கும் முன், பயாஸின் எல்லாப் பக்கங்களையும் செல்போனில் படம் எடுங்கள். ‘எஃப்9 அழுத்தி டிஃபால்ட்டுக்குப் போய்விட்டால் பழையபடி ஆகிவிடும்’ என்று சொல்வார்கள். தொழிற்சாலை நிலையும் உங்கள் கணினி நேற்றுவரை இருந்த நிலையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒரு நோட்டு போடுங்கள். தேதி, நேரம், எதை மாற்றினேன், பழைய மதிப்பு, புதிய மதிப்பு, எதற்காக, திரும்புவது எப்படி. மாற்றுவதற்கு முன் எழுத வேண்டும், பின்னால் எழுதுவது நினைவிலிருந்து எழுதுவது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, முழுமையாக அணைத்துத் தொடங்கி, விண்டோஸ், இணையம், பிரின்டர், டேலி நான்கும் ஓடுகின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. கோளாறு வந்தால் கடைசியாகச் செய்ததைத் திருப்புவதைத் தவிர வேறு எதையும் புதிதாகச் செய்யக் கூடாது. பயத்தில் செய்கிற மூன்றாவது மாற்றம்தான் ஆளைக் கவிழ்ப்பது.

விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் மாற்றுகிறவர்கள், தொடப்போகும் கிளையை வலது கிளிக் செய்து ஏற்றுமதி செய்து வைப்பது வழக்கம். நல்லதுதான், ஆனால் அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. அந்தக் கோப்பைத் திரும்ப ஏற்றும்போது பழைய மதிப்புகள் திரும்பி வரும், நீங்கள் புதிதாகச் சேர்த்த மதிப்பு அழியாது, அப்படியே நிற்கும். புதிதாக எதைச் சேர்த்தோம் என்பதை நோட்டில் எழுதினால்தான் கையால் நீக்க முடியும். விண்டோஸ் தானாக ரெஜிஸ்ட்ரியின் நகல் ஒன்றை வைத்திருக்கும் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். விண்டோஸ் 10இன் 1803 பதிப்போடு அந்தப் பழக்கம் நின்றுவிட்டது. சிஸ்டம் ரீஸ்டோர் பல கணினிகளில் அணைந்தே இருக்கும். அதை இயக்கி, மாற்றத்துக்கு முன் கையாலேயே ஒரு மீட்புப் புள்ளி உருவாக்க வேண்டும். அது அமைப்புகளையும் டிரைவர்களையும் மீட்கும், உங்கள் ஆவணங்களை மீட்காது.

ஃபைபர் இணைப்பின் ரவுட்டரில் கைவைப்பவர்கள் முதலில் அதன் அமைப்புக் கோப்பைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இணைப்புக்கான பயனர் பெயரும் கடவுச்சொல்லும் விலேன் எண்ணும் அதில்தான் இருக்கும். பின்னால் உள்ள துளையில் குண்டூசி வைத்து அழுத்திவிட்டால் அவை போய்விடும், பிறகு லைன்மேன் வரும்வரை இணையம் இல்லை. வைஃபை அமைப்பை வைஃபையில் இருந்துகொண்டு மாற்றாதீர்கள், கேபிளில் இணைந்து மாற்றுங்கள். உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டுகிற வேலை அது. களியக்காவிளையில் இருக்கும் கடைக் கணினியின் ஃபயர்வாலை (எந்தத் தொடர்பை உள்ளே விடுவது என்று தீர்மானிக்கும் தடுப்பு) நாகர்கோவிலில் உட்கார்ந்து மாற்றுகிறவர்களுக்கும் இதே ஆபத்து. முதலில் ஃபயர்வால் விதிகளை ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்து, பதினைந்து நிமிடம் கழித்து அந்தக் கோப்பைத் தானாக மறுபடி ஏற்றும்படி டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு வேலை போட்டுவிட்டு, பிறகு மாற்றுங்கள். தொடர்பு அறுந்தால் கால் மணி நேரம் காத்திருந்தால் போதும், பஸ் ஏற வேண்டாம். தொடர்பு நன்றாக இருந்தால் அந்த வேலையை நீக்கிவிடுங்கள்.

நேரத்தையும் சொல்ல வேண்டும். கணக்குத் தொழிலில் இருப்பவர்கள் 11ஆம் தேதிக்கும் 20ஆம் தேதிக்கும் முந்தைய ஐந்து நாட்கள், மார்ச் கடைசி இரண்டு வாரங்கள் எதையும் மாற்றக் கூடாது. காலையில் தொடங்க வேண்டும், உதவிக்குக் கூப்பிட ஆள் கிடைக்கும் நேரம் அது. ஐப்பசி, கார்த்திகையில் நம் மாவட்டத்தில் மத்தியானத்துக்கு மேல் இடியும் மழையும் வந்து கரண்ட் போவது எல்லாரும் அறிந்தது. பயாஸ் புதுப்பிக்கும்போது கரண்ட் போனால் மதர்போர்டே எழும்பாமல் போகலாம். லேப்டாப்பானால் பேட்டரி நிறைந்து, சார்ஜரும் மாட்டியிருக்க வேண்டும். டெஸ்க்டாப்பானால் யுபிஎஸ் இல்லாமல் அந்த வேலையே வேண்டாம்.

பேக்கப் பற்றி எல்லாரும் சொல்வதால் சுருக்கமாகச் சொல்கிறேன். எடுத்தால் மட்டும் போதாது, திருப்பிப் பார்க்க வேண்டும். டேலி பேக்கப்பை இன்னொரு கணினியில் வேறு ஃபோல்டரில் மீட்டு, ஒரு வாடிக்கையாளரின் வங்கி இருப்பும் கடைசி வவுச்சர் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறேன். இப்போது வாரம் இரண்டு முறை, வெளி வட்டு ஒன்று, வீட்டில் இன்னொன்று. ஸ்கேன் செய்த பில்களும் அதில் சேரும்.

டிசம்பர் 7, ஞாயிறு, காலை எட்டு மணிக்கு மறுபடி உட்கார்ந்தேன். முதலில் டிவைஸ் என்க்ரிப்ஷனை முழுக்க அணைத்து, குறியாக்கம் நீங்கி முடியும்வரை காத்திருந்தேன். விண்டோஸுக்குள்ளிருந்தே புது எஸ்எஸ்டிக்கு நகலெடுத்தேன். பிறகு இரண்டையும் மாற்றி மாட்டினேன். பயாஸுக்குள் போகவே இல்லை. முதல் தொடக்கத்திலேயே விண்டோஸ் வந்தது. டேலியில் கடைசி வவுச்சரைப் பார்த்து, பிரின்டரில் ஒரு தாள் எடுத்து, குறியாக்கத்தை மறுபடி இயக்கி, புதிய சாவிகளை அச்சிட்டேன். இம்முறை கணினியில் இருக்கும் கணக்கு என்னுடையது. பழைய எஸ்எஸ்டியை அழிக்காமல் ஒரு மாதத்துக்கு உறையில் போட்டு, மேலே தேதி எழுதி அலமாரியில் வைத்தேன். சாவிக் காகிதமும் அதற்கு மேல் தட்டில் இருக்கிறது. மஸ்கட்டுக்கு அன்று ராத்திரி ஒரு செய்தி அனுப்பினேன், அவன் கணக்கிலிருந்து என் லேப்டாப்பை நீக்கிவிடும்படி.